சாலை வெட்டு அனுமதி: கட்டணம் கட்டியதோடு முடிவதில்லை

சென்னை மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. குறிப்பிட்ட தேதியிலிருந்து சாலை வெட்டுக்குப் புதிய அனுமதி கிடையாது, நடந்துகொண்டிருக்கும் பணிகளை உடனே முடித்துப் பள்ளங்களை மூடிவிட வேண்டும் என்பது அதன் சாரம். மற்ற நகரங்களின் உள்ளாட்சிகளும் ஏறக்குறைய இதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. நகராட்சிப் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அறிவிப்பின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அறிவிப்பு வரும் நாளுக்கும் தடை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாள்களில்தான் ஊரிலேயே மிக மோசமாகப் பள்ளங்கள் மூடப்படுகின்றன என்பதைப் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். கேபிள் பதிப்பவர்கள், குடிநீர்க் குழாய் போடுபவர்கள், மின்வாரியத்தின் ஒப்பந்தக்காரர்கள், எரிவாயுக் குழாய்க்காரர்கள் என எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். தோண்டிய மண்ணையே ஜே.சி.பி.யால் குழிக்குள் தள்ளி, அதன் சக்கரத்தாலேயே இரண்டு முறை மிதித்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். முதல் பெருமழையில் அந்த மண் கீழே இறங்கிவிடும்.

உள்ளாட்சி அலுவலகங்களில் சாலை தொடர்பான அனுமதி என்பது பெரும்பாலும் கட்டணம் வசூலிக்கும் நடைமுறையாகவே நடத்தப்படுகிறது. பாதுகாப்புக்கான நிபந்தனைகள் அனுமதி ஆணையில் வரிசையாக எண்ணிட்டு இருக்கும். ஆனால் வேலை நடக்கும் இரவில் அவற்றில் ஒன்றையாவது சரிபார்க்க அலுவலகத்திலிருந்து யாரும் அங்கே நிற்கமாட்டார்கள். கட்டணம் வரவு வைக்கப்பட்டதும் கோப்பு முடிந்துவிடுகிறது. சாலையில் போகிறவரின் ஆபத்தோ அப்போதுதான் தொடங்குகிறது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில், சாலை யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மனு கொடுக்கும் பொதுமக்களில் பாதிப் பேர் தவறான அலுவலகத்தின் வாசலில்தான் நிற்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர்களிடமோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமோ இருக்கின்றன. எஞ்சியவற்றில் ஊரகச் சாலைகள் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியத்தையும் கிராம ஊராட்சியையும் சேர்ந்தவை. நகரப் பகுதிச் சாலைகளோ 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இயற்றப்பட்டுக் கால் நூற்றாண்டு கழித்து, 2023 ஏப்ரலில்தான் இந்தச் சட்டம் விதிகளோடு முழுமையாக நடைமுறைக்கு வந்தது என்பது தனிக் கதை. அதுவரை நாங்கள் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு நடுத்தர ஊரின் கடைவீதியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓடும் தார்ச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓரத்து மழைநீர் வடிகாலும் தெருவிளக்கும் நகராட்சியுடையவை. விளக்கு தொங்கும் கம்பம் மின்வாரியத்துடையது. அடியில் ஓடும் பெரிய குடிநீர்க் குழாய் குடிநீர் வடிகால் வாரியத்துடையதாக இருக்கலாம், வீட்டு இணைப்புக் குழாய் நகராட்சியுடையதாக இருக்கலாம். வாகனங்களை எங்கே நிறுத்தலாம், எந்தத் தெருவை ஒருவழியாக்கலாம் என்பதைக் காவல்துறை முன்மொழிகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115, 116, 117 ஆகிய பிரிவுகள், வாகனங்களுக்குத் தடை விதிப்பது, அறிவிப்புப் பலகை வைப்பது, வாகன நிறுத்துமிடம் குறிப்பது ஆகிய அதிகாரங்களை மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புகளுக்கும் தருகின்றன. நிறுத்துமிடத்தை முடிவு செய்யும்போது உள்ளாட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 117 சொல்கிறது. கலந்தாலோசனை என்பது நடைமுறையில் ஒரு கடிதம் போவதும், பல மாதங்கள் கழித்து இன்னொரு கடிதம் வருவதுமாக இருக்கிறது.

சென்னையில் இது இன்னும் சிக்கலானது. மாநகராட்சியே தன் சாலைகளைப் பேருந்துத் தடச் சாலைகள், உட்புறச் சாலைகள் என இரண்டாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை சுமார் 387 கிலோமீட்டர், இரண்டாவது வகை 5,000 கிலோமீட்டருக்கும் மேல். பேருந்துத் தடச் சாலைகளுக்குத் தனித் துறை இருக்கிறது. உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. அண்ணா சாலை போன்றவையோ நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, முன்பு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் பராமரித்த தெருக்கள் ஒரே நாளில் மாநகராட்சித் தெருக்களாயின. எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்ற வரைபடம் அந்தச் சிறிய உள்ளாட்சிகளில் பலவற்றிடம் இருந்ததே இல்லை. குழாய் வேலை பார்த்த பழைய பிட்டர் ஒருவரின் நினைவில்தான் அது இருந்தது.

இனி சாலை வெட்டுக்கு வருகிறேன். ஒரு நிறுவனம் கேபிள் பதிக்க விரும்பினால் தெருக்களின் பெயர், நீளம், அகலம், ஆழம், சாலையின் வகை ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து, தார்ச்சாலைக்கு இவ்வளவு, கான்கிரீட் சாலைக்கு இவ்வளவு, பேவர் பிளாக்குக்கு இவ்வளவு, மண் ஓரத்துக்கு இவ்வளவு என்று சீரமைப்புக் கட்டணத்தைக் கணக்கிடுவார். கட்டணம் கட்டியதும் ஆணை வரும். பேருந்து ஓடும் சாலையாக இருந்தால் போக்குவரத்துக் காவல்துறையின் தடையின்மைக் கடிதமும் தேவைப்படும், இரவு நேரத்தில் மட்டுமே வேலை செய்ய அனுமதிப்பார்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பொது நிலத்தில் கேபிள் பதிப்பது பற்றி மத்திய அரசு 2016இல் வகுத்த வழியுரிமை விதிகள் இந்த நடைமுறைக்கு ஒரு காலக்கெடுவைக் கொடுத்தன. 60 நாளுக்குள் உள்ளாட்சி முடிவு சொல்லாவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றன அவை. அலுவலகத் தாமதத்தால் நொந்துபோயிருந்த நிறுவனங்களுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. பணி எந்த நேரத்தில் எத்தனை நாள் நடக்கும், பொதுமக்களுக்கு என்ன இடையூறு ஏற்படும், அதைக் குறைக்க என்ன ஏற்பாடு, பணி நடக்கும்போது பொதுப் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும். நான் கையாண்ட விண்ணப்பங்களில் இந்தப் பகுதியில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: தேவையான பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும். என்ன ஏற்பாடு என்று திருப்பிக் கேட்டு அனுப்பிய அலுவலகங்கள் மிகக் குறைவு. 60 நாள் கெடுவை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

என்ன ஏற்பாடு வேண்டும் என்பதற்கு நாம் எங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. பணி நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைப் பேராயத்தின் எஸ்.பி.55 என்ற வழிகாட்டி இருக்கிறது. பணியிடத்தை அது நான்கு பகுதிகளாகப் பார்க்கிறது: முன்னறிவிப்புப் பகுதி, வாகனங்கள் தடம் மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, மீண்டும் இயல்புத் தடத்துக்குத் திரும்பும் பகுதி. ஓட்டுநருக்குக் குழி தெரிவதற்கு முன்பே, முன்னால் வேலை நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் தெருக்களில் இந்த நான்கும் ஒரே புள்ளியில் வந்து முடிகின்றன. குழியின் விளிம்பில் இரண்டு கட்டைகளை நட்டு, அவற்றுக்கு இடையே சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டியிருப்பார்கள். ரிப்பன் இரண்டாம் நாளே அறுந்துவிடும். மூன்றாம் நாள் ஒரு வேப்பங்கிளை குழிக்குள் நட்டிருக்கும், அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணியோ பிளாஸ்டிக் பையோ ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கிளையை நட்டவர் ஒப்பந்தக்காரர் அல்லர், உதவிப் பொறியாளரும் அல்லர். எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவராக இருப்பார். இரவில் கடைக்கு முன்னால் யாரோ விழுந்ததைப் பார்த்துவிட்டு அவராகச் செய்த காரியம் அது. சாலைப் பாதுகாப்பு நிதி என்ற தலைப்பில் எதுவும் செலவழிக்காமல் இந்த மாநிலத்தில் நட்டுவைக்கப்பட்ட எச்சரிக்கைக் குறிகளில் வேப்பங்கிளைக்குத்தான் முதலிடம்.

குழியை மூடுவதில்தான் உண்மையான பொறியியல் இருக்கிறது. மண்ணையோ மணலையோ சுமார் 15 சென்டிமீட்டர் கனத்தில் ஓர் அடுக்கு போட்டு, ஈரப்படுத்தி, இடித்து இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே ஜல்லிக் கலவை, அதற்கு மேல் தார். குழியின் விளிம்புகளை நேராக அறுத்து, பழைய சாலையோடு ஒட்டும்படி குழியைவிடச் சற்று அகலமாகவே மேற்பரப்பு போட வேண்டும். ஒரே தள்ளலில் நிரப்பிய குழியில் மண்துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருக்கும். மழைநீர் உள்ளே போனதும் மண் சரிந்து இறங்கும். மேலிருந்து பார்த்தால் சாலைக்குக் குறுக்கே ஒரு கை அகலக் கோடு மட்டுமே தெரியும். மழைத் தண்ணீர் தேங்கினால் அதுவும் தெரியாது. இருசக்கர வாகனத்தின் முன்சக்கரம் அதில் இறங்கினால் கைப்பிடி திரும்பிவிடும். விழாமல் தப்பிக்க வளைந்து ஒதுங்குபவர்தான் பக்கத்தில் வரும் பேருந்தின் அடியில் போகிறார். முதல் தகவல் அறிக்கையில், கவனக்குறைவாக வாகனத்தை ஓட்டி வந்ததால் விபத்து என்று எழுதுவார்கள். குழி அந்த அறிக்கையில் இடம் பெறாது.

2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் 14,926 பேர் இறந்திருக்கிறார்கள் என்ற அரசின் கணக்கை, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, ஏற்றுக்கொள்ளவே முடியாதது என்று கண்டித்தது. அறிக்கையில் குழி என்று எழுதப்பட்டவை மட்டும்தான் அந்தக் கணக்கில் வந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நிறுவனம் குழியை மூடியதும் உள்ளாட்சியின் முறை வருகிறது. சீரமைப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டதே மேற்பரப்பை மறுபடியும் போடுவதற்காகத்தான். ஆனால் ஒரு குழிக்காக மட்டும் தார் கலவை கொண்டுவர முடியாது. பல தெருக்களின் பேட்ச் வேலைகளைச் சேர்த்து, மதிப்பீடு போட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, பணி ஆணை கொடுக்க வேண்டும். இதற்கு ஆகும் மாதங்களில் குழி குழியாகவே இருக்கும். நான் பணியாற்றிய ஓர் ஊரில், வசூலான கட்டணம் பொது நிதியில் சேர்ந்து சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விட, சீரமைப்புக்குக் கேட்டபோது பணம் இல்லை என்ற பதில் வந்தது. சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. கணக்கும் சரியாகவே இருந்தது. தெருவில் மட்டும் சரியில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் வைப்பதும், நிறுவனத்திடம் வாங்கும் முன்வைப்புத் தொகையை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே திருப்பித் தருவதும் மன்றத் தீர்மானத்தால் செய்யக்கூடியவை. அடுக்கடுக்காக மூடும்போது எடுத்த புகைப்படம் இல்லாமல் பணி முடிந்ததாக ஏற்பதில்லை என்று ஆணையரே ஒரு சுற்றறிக்கை விடலாம்.

சாலை வெட்டோடு சேர்த்தே பேச வேண்டியது சாலையை மறுபடி போடுவது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய அடுக்கைப் போடும் பழக்கத்தால் ஊர்தோறும் வீட்டு வாசல்கள் சாலைக்குக் கீழே போய்விட்டன. 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். பலர் இதை வீட்டுக்குள் தண்ணீர் வருவது பற்றிய விஷயமாக மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழா ஊர்வலத்தில் வந்த தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். சாலை புதிதாகப் போடப்பட்டு முன்பைவிட உயர்ந்திருந்ததை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். விழாவுக்கு முறையான அனுமதி வாங்கப்படவில்லை என்பது அதிகாரிகளின் பதில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுமதி என்ற நடைமுறைக்கு உண்மையான பயன் ஒன்று உண்டென்றால், ஊர்வலத்துக்கு முன்பு யாரோ ஒருவர் அந்தப் பாதையில் நடந்து, தேரின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் அளந்து பார்ப்பதுதான். பெரிய தேரோட்டங்களில் இது ஒழுங்காக நடக்கிறது; மதுரையிலோ திருவாரூரிலோ தேர் புறப்படும் முன்பு மின்வாரியமும் நகர நிர்வாகமும் காவல்துறையும் வீதிகளைப் பார்வையிட்டு, மின்சாரத்தை எங்கே எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்துவிடுகின்றன. சிற்றூரின் சப்பரத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை.

வேகத்தடையின் கதை இதற்கு நேர்மாறு. குழிக்கு அனுமதி ஆணையாவது இருக்கும், வேகத்தடைக்கு எந்தக் காகிதமும் இருக்காது. ஒரு தெருவில் விபத்து நடந்தால், மறுநாள் மறியல் நடக்கும், அன்று மாலைக்குள் வேகத்தடை போடுவதாக வட்டாட்சியர் முன்னிலையில் வாக்குறுதி தரப்படும். பக்கத்தில் வேலை நடக்கும் சாலையிலிருந்து மீந்த தார்க் கலவையை இரவோடு இரவாகக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். சாலைப் பேராயத்தின் 99ஆம் எண் வழிகாட்டி, வட்ட வடிவ வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் சொல்கிறது; மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாகக் கடக்கக்கூடிய அளவு அது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், மேட்டின் மீது கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்க வேண்டும். தெருவில் நாம் பார்ப்பதோ இரண்டடி அகலமும் அரையடி உயரமும் உள்ள ஒரு வரப்பு. குறுகிய மேட்டை மெதுவாகக் கடப்பவரின் முதுகுதான் அடிவாங்கும். வேகமாக வரும் காரில் அதிர்ச்சி வில்களே அடியை உள்வாங்கிக்கொள்வதால், உள்ளே இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. யாரைத் தடுக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாக வரும் பெண்ணைத்தான் அது தூக்கிப் போடுகிறது. யார் போட்டது என்று பின்னர் கேட்டால் எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது. அகற்றவும் யாருக்கும் துணிவு வராது, ஏனென்றால் அகற்றிய மறுநாள் விபத்து நடந்தால் பழி அகற்றியவர் மீது விழும்.

பதாகைகளில் மட்டும் அனுமதியின் அமைப்பே நன்றாக இருந்தது என்று சொல்வேன். டிஜிட்டல் பதாகைகளுக்கான விதிகளில், அனுமதி எண்ணையும் அனுமதிக் காலத்தையும் பதாகையின் கீழேயே அச்சிட வேண்டும் என்று இருந்தது. எண் இல்லாத பதாகை சட்டவிரோதமானது என்பதை அந்த வழியாக நடந்துபோகும் எவரும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இருந்தும் 2019 செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் ரேடியல் சாலையின் நடுத்தடுப்பில் அனுமதியின்றி வைக்கப்பட்டிருந்த திருமணப் பதாகை, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது சரிந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. சென்னை உயர் நீதிமன்றம் அரசை 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. அந்த நடுத்தடுப்பைக் கடந்து எத்தனை ஆய்வாளர்களும் பொறியாளர்களும் அன்று காலை வேலைக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அனுமதி என்ற அந்த யோசனை வீணானதல்ல. சாலை வெட்டு நடக்கும் இடத்திலும் அனுமதி எண், நிறுவனத்தின் பெயர், மூட வேண்டிய தேதி, பொறுப்புப் பொறியாளரின் அலுவலக எண் ஆகியவை எழுதிய பலகை நின்றால், தேநீர்க் கடைக்காரருக்கு வேப்பங்கிளையை ஒடிக்கும் வேலை மிச்சமாகும்.

இவ்வளவு துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215ஆம் பிரிவு மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு வழி செய்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடர்ந்த வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய குழு இயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் உத்தரவிட்டது. ஆட்சியர் தலைமை வகிப்பார். காவல் கண்காணிப்பாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைப் பொறியாளர்கள், உள்ளாட்சி அதிகாரிகள் எல்லோரும் இருப்பார்கள். கூட்டங்கள் நடக்கின்றன, நல்ல முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. ஆனால் அங்கே பேச்சு முழுவதும் கரும்புள்ளிகளைச் சுற்றியே போகும். தேசிய நெடுஞ்சாலைக்கான வரையறைப்படி, 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நேர்ந்த இடம்தான் கரும்புள்ளி. நகராட்சித் தெருவில் ஒரு குழியில் ஒருவர் விழுவார், நான்கு தெரு தள்ளி இன்னொரு குழியில் இன்னொருவர் விழுவார். புள்ளிகள் சிதறிக் கிடப்பதால் எதுவும் கரும்புள்ளி ஆகாது, கூட்டக் குறிப்பிலும் வராது. 2023இல் தமிழ்நாட்டில் 67,213 விபத்துகளில் 18,347 பேர் இறந்தார்கள். நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையது. இதில் உள்ளாட்சித் தெருக்களின் பங்கை அந்த மேசையில் எவரும் தனியே பிரித்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. விபத்து நடந்த இடத்தைக் காவலர் செல்பேசியிலேயே குறித்துப் பதிவேற்றும் இணைய முறை இப்போது வந்திருப்பதால், பிரித்துக் கேட்பது முன்பைவிட எளிது.

மக்கள் செய்யக்கூடியது என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு சட்டப் பிரிவைத்தான் காட்டுகிறேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையை வடிவமைப்பதிலோ கட்டுவதிலோ பராமரிப்பதிலோ வகுக்கப்பட்ட பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது அது. தொகை சிறியது என்பது உண்மைதான். ஆனால் நீதிமன்றம் எவற்றையெல்லாம் கருத வேண்டும் என்று அந்தப் பிரிவு வரிசைப்படுத்துவதைப் படிக்க வேண்டும். அந்த நிலை ஆபத்தானது என்பதை அமைப்பு அறிந்திருந்ததா அல்லது அறிந்திருக்க வேண்டுமா, பழுது நீக்க அவகாசம் இல்லாதிருந்தால் என்ன எச்சரிக்கைப் பலகை வைத்தது என்பவையும் அதில் உண்டு. அலுவலகத்துக்குத் தெரியாது என்ற வழக்கமான பதில், யாராவது எழுத்தில் தெரிவித்திருந்தால் எடுபடாது.

அதனால் மனுவை எழுதும்போது வேதனையை விரிவாக எழுதுவதைவிட விவரங்களை எழுதுவதே பயன் தரும். தெருவின் பெயர், கதவு எண் அல்லது மின்கம்ப எண், குழியின் நீளமும் அகலமும், தோண்டியவர் யார் என்பது தெரிந்தால் அதுவும், புகைப்படம் எடுத்த தேதியும் நேரமும் இருக்க வேண்டும். சாலை யாருடையது என்பதில் ஐயம் இருந்தால் நகராட்சி ஆணையருக்கும் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கும் ஒரே மனுவை முகவரியிட்டு அனுப்பலாம்; இருவரும் ஒருவரையொருவர் கைகாட்ட முடியாது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் அந்தச் சாலை வெட்டுக்கான அனுமதி ஆணையின் நகலையும், கட்டிய கட்டணத்தின் விவரத்தையும், சீரமைப்புக்கான பணி ஆணையையும் கேட்கலாம். மூன்றாவது இல்லை என்ற பதில் வந்தால் அதுவே உங்களுக்கு வேண்டிய ஆவணம். பொது வழியை ஒட்டித் தோண்டப்பட்ட பள்ளத்துக்கு வேலி போடச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்த அது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு இந்தக் காரணத்துக்காக யாரும் போவதில்லை என்பதாலேயே, போனால் கவனிக்கிறார்கள்.

மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பவர்கள், பதிவு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பக் கூடாது. அந்த மனு கீழே எங்கள் பொறியியல் பிரிவுக்கு வந்து சேர எத்தனை வாரம் ஆனாலும், சீட்டில் உள்ள தேதிதான் அலுவலகம் அறிந்த தேதியாகக் கணக்கில் வரும்.